ஜவ்வு விலகியதாக எழுதினால் குனியவே கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் கடந்த வாரம் 42 வயதுப் பெண் வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியையும், அதற்கு வெளியான பதிலையும் படித்தபின் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று மாதமாக இடுப்பு வலி இருக்கிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்4-எல்5 எனப்படும் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள், இனி நான் வீடு பெருக்கலாமா, தண்ணீர்க் குடம் தூக்கலாமா என்று அவர் கேட்டிருந்தார். குனியக் கூடாது, கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது, இடுப்புக்கு பெல்ட் அணிய வேண்டும், கட்டாந்தரையிலோ பலகையிலோ படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது பதில். அக்கறையோடு சொல்லப்பட்ட பதில்தான். டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியில் சேர்ந்த காலத்தில் நானும் நோயாளிகளுக்கு இதையேதான் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்த அறிவுரையின் ஒவ்வொரு பகுதியையும் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி செய்துவிட்டன. அந்த அம்மையார் இந்நேரம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்திருப்பாரே என்று எண்ணும்போது மனம் கேட்கவில்லை.

முதலில் அந்த ஸ்கேன் வாசகத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு என்று நம் மக்கள் சொல்லும் டிஸ்க், நடுவில் கூழ் போன்ற பொருளும் சுற்றிலும் அடுக்கடுக்கான நார் வளையமும் கொண்டது. இளமையிலேயே அதில் நீர்ச்சத்து குறையத் தொடங்குகிறது. உயரம் சற்றுக் குறைகிறது, ஓரம் சற்றுப் பிதுங்குகிறது. தலையில் நரை விழுவது எப்படியோ அப்படித்தான் இதுவும். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், முதுகுவலி என்பதே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கே ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது; நாற்பது வயதில் அது 68 விழுக்காடு, எண்பதில் 96 விழுக்காடு. ஜவ்வுப் பிதுக்கம் நாற்பது வயதினரில் சரிபாதிப் பேருக்கு இருந்தது. இவர்கள் எல்லாரும் வலியின்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அப்படியென்றால் 42 வயதில் ஒருவருக்கு வலி வந்து, படத்தில் பிதுக்கமும் தெரிந்தால், வலிக்கு அந்தப் பிதுக்கம்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? வலி வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே படம் எடுத்திருந்தாலும் அது அங்கே இருந்திருக்கக் கூடும்.

இந்த ஒரு வரி ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். தாளடி நடவு நடந்துகொண்டிருந்த ஓர் ஐப்பசி மாதம், நடவு வேலை செய்யும் பெண் ஒருவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மஞ்சள் துணிப்பையில் ஸ்கேன் படம் இருந்தது. காதுத் தோட்டை அடகு வைத்து, பக்கத்து நகரத்தில் தனியார் மையம் ஒன்றில் எடுத்த படம். நாற்காலியில் உட்காரும்போது அவர் கையிலிருந்த ஓ.பி. சீட்டு கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. கால் விரலால் அதை ஓரமாக நகர்த்திவிட்டு மகளைப் பார்த்தார். "குனிஞ்சா ஜவ்வு வெடிச்சிரும்னு சொல்லியிருக்காங்க சார்" என்றார். இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். சமையல் மாமியாருடையது, கூலி போனது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. தசைகளைச் சோதித்தபோது காலில் உணர்ச்சியும் வலுவும் இம்மியும் குறையவில்லை. அவர் உடம்பில் எதுவும் உடைந்துவிடவில்லை. உடைந்துவிடும் என்று நம்பவைக்கப்பட்டிருந்தார், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளைத் தொடையிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் கொண்டுபோகப் பழக்கினோம். முதல் நாள் முழங்கால் வரை கை போவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவது வாரம் விரல் தரையைத் தொட்டது. அடுத்த குறுவைக்கு அவர் வயலில் இறங்கினார். வலி வந்து போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதைக் கண்டு அவர் படுக்கவில்லை.

அப்படியானால் வலி எதனால்தான் வருகிறது? மருத்துவர்களிடம் வரும் இடுப்பு வலிகளில் பத்தில் ஒன்பதுக்கு இன்ன எலும்பு, இன்ன ஜவ்வு என்று விரல் வைத்துக் காட்டும்படியான ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. தசை, தசைநார், சிறு மூட்டுகள், ஜவ்வின் ஓரம் எனப் பலவும் சேர்ந்து வலிக்கின்றன. அவற்றோடு தூக்கமின்மை, மனக்கவலை, புகைப்பழக்கம், உடற்பருமன், பழக்கமில்லாத பாரத்தைத் திடீரெனத் தூக்குதல், ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தல் ஆகியவை வலியைக் கூட்டுகின்றன. கடன் தொல்லையில் இருப்பவருக்கு ஏன் வலி நீடிக்கிறது என்று கேட்டால், வலி பொய் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. வலி மெய்தான். அதன் அளவைத் தீர்மானிப்பது மூளையும் நரம்பு மண்டலமும் என்பதால், அச்சமும் கவலையும் உறக்கக் கேடும் அதன் ஒலியைப் பெரிதாக்கிவிடுகின்றன.

நம் ஊரில் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இரண்டைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒன்று, வாய்வு. முதுகைப் பிடித்துக்கொண்டால் வாய்வு என்று சொல்லி உருளைக்கிழங்கையும் மொச்சையையும் விலக்குகிறார்கள். வயிற்றில் இருக்கும் காற்று முதுகுத் தசைக்குள் போய் உட்காருவதற்கு வழியே இல்லை. மற்றொன்று, அறுவைப் பிரசவத்தின்போது முதுகில் போடும் மயக்க ஊசி. "அந்த ஊசி போட்டதிலிருந்துதான் சார் இடுப்பே போச்சு" என்று என்னிடம் சொல்லாத தாய்மார்கள் குறைவு. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் பிரசவ வலி குறைக்க முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களையும் போட்டுக்கொள்ளாத பெண்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நீண்டகால முதுகுவலியில் வேறுபாடு தென்படவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசைகள், கூடிய எடை, குழந்தையைத் தூக்கிக்கொண்டே இருப்பது, மாதக்கணக்கில் கெட்ட உறக்கம் ஆகியவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊசியின் மேல் பழி போட்டுவிட்டால், அந்தப் பெண்ணுக்கு ஓர் உதவிக் கை கொடுக்க வேண்டிய பொறுப்பு வீட்டில் எவருக்கும் இல்லாமல் போகிறது என்பதே எனக்குள்ள வருத்தம்.

ஓய்வு என்ற அறிவுரைக்கு வருகிறேன். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களில் திடீர் இடுப்பு வலியோடு வந்த 186 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடரச் சொன்னார்கள். விரைவில் தேறியவர்கள் மூன்றாவது குழுவினர். மிகவும் தாமதமாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள். இரண்டே நாள் ஓய்வு இப்படி என்றால், நாம் எழுதிக் கொடுக்கும் "மூன்று வாரம் பெட் ரெஸ்ட்" என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். பலகைப் படுக்கையும் அப்படியே. ஸ்பெயினில் நீண்டநாள் இடுப்பு வலி உள்ளவர்களுக்கு நடந்த சோதனையில் மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே வலியைக் குறைத்தது. அதன் முடிவு 2003இல் வெளிவந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்காக உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இடுப்பு பெல்ட்டும் எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாகத் தரப்பட வேண்டாம் என்கின்றன. டிராக்‌ஷன் மேசையில் நோயாளிகளை நான் எத்தனையோ ஆண்டுகள் படுக்க வைத்தவன் என்பதால் இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திடீர் இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால், மருந்தில்லா வெறும் மாத்திரையைவிட விரைவாகக் குணம் தரவில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2014இல் வெளியான பெரிய சோதனை காட்டியது. டைக்ளோஃபினாக் போன்றவை சில நாளுக்கு உதவும். வாரக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் விலை கேட்கும். மருந்துக்கடையில் பெயர் தெரியாத மாத்திரைகளைப் பொட்டலமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோர் நம் கிராமங்களில் நிறையப் பேர். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதல் நாளே வலி பறந்துவிடும், பின்னாளில் எலும்பு பொடிந்துவிடும்.

சரி, எதுதான் உதவுகிறது? சூடான ஒத்தடம் கொஞ்ச நேர ஆறுதல் தரும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும் அப்படியே, அதில் தவறில்லை, அந்த ஆறுதலைப் பயன்படுத்தி எழுந்து நடந்தால். நடை என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை வைத்து நடத்திய சோதனை 2024இல் வெளியானது. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் என்ற இலக்கை நோக்கிச் சென்றவர்களுக்கு வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி திரும்ப வருவதற்கு நடுமதிப்பாக 208 நாள் ஆனது. எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். நடை, நீச்சல், யோகம், தசைப் பயிற்சி இவற்றில் இதுதான் உயர்ந்தது என்று ஒன்றை நிறுவ முடியவில்லை; எதைத் தொடர்ந்து செய்ய மனம் வருகிறதோ அதுவே அவரவருக்கு நல்ல பயிற்சி. பயிற்சியின்போது சிறிது வலிக்கும். வலித்தாலே கேடு என்று பொருளில்லை; மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிட்டால் அளவு சரியாக இருக்கிறது என்று நான் என் நோயாளிகளுக்குச் சொல்வேன்.

ஜவ்வு உண்மையிலேயே நரம்பை அழுத்தும் நிலையும் உண்டு. அப்போது வலி இடுப்பில் நிற்காமல் புட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வது போல இறங்கும், மரத்துப்போகும், இருமினால் சுண்டி இழுக்கும். இதிலும் பெரும்பாலானோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அறுவை இன்றியே தேறுகிறார்கள், ஏனெனில் வெளியே வந்த ஜவ்வுத் துண்டை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. பெரிதாகப் பிதுங்கியவை கரையும் வாய்ப்பு இன்னும் அதிகம் என்பதைக் கேட்டு நோயாளிகள் வியந்து போவார்கள். கடும் வலி தணியாதவர்களுக்கு அறுவை சிகிச்சை விரைந்த நிவாரணம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அறுவை செய்துகொண்டவரும் காத்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்பது நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு. ஆகவே அவசரப்படுத்தப்பட்டு நிலத்தை விற்று அறுவை செய்துகொள்ள வேண்டியதில்லை. கேட்டு, யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

நேரமே இல்லாத நிலைகளும் உண்டு. இவ்வளவு சொன்ன நான் இதைச் சொல்லாமல் விட்டால் பெரும் பிழையாகிவிடும். இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, இரு தொடைகளுக்கு நடுவே சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே, அந்த மணி நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் கற்றையாக இறங்கும் அடிவால் நரம்புகள் நசுங்கும் அந்த நிலையில் தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நாற்பது வயதுக்குள் தொடங்கி, விடியற்காலையில் எழுப்பிவிட்டு, காலையில் அரைமணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் வலி, முதுகெலும்பு அழற்சி வாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு. முன்பு புற்றுநோய் வந்தவருக்கும், காய்ச்சலோடு வலி இருப்பவருக்கும், வழுக்கி உட்கார்ந்த மூதாட்டிக்கும் ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பட்டியலின் தலையில் வைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை பார்த்த 24 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் உடற்பயிற்சி கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டார். முதுகு வலிக்காக எட்டு மாதமாக வெளியே ஓர் இடத்தில் வாரம் ஓர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கச் சொன்னபோது அவருடைய கால்சட்டை பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போடப்பட்டிருந்ததைப் பார்த்தேன். "மெலிஞ்சுட்டியா தம்பி?" என்று கேட்டேன். சாயங்காலத்தில் உடம்பு சுடுவதாகவும் சொன்னார். நடு முதுகில் ஓர் எலும்பின் மேல் விரலால் தட்டியதும் துள்ளிவிட்டார். பயிற்சி சொல்லித் தராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். காசநோய் என்று உறுதியானது, மருந்திலேயே குணமானார். ஆனால் சிறு கூன் தங்கிவிட்டது. அந்த எட்டு மாதத்தில் எவரேனும் அவரிடம் காய்ச்சலைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்தக் கூன் இருந்திருக்காது.

முதுகெலும்புக் காசநோயைப் பற்றித் தமிழ்நாடு பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. 1970களின் நடுவில் தொடங்கி, சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர்கள், நடக்க முடிந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரைப் படுக்கையில் கிடத்தாமல், பெரிய அறுவையும் செய்யாமல், ஆறு அல்லது ஒன்பது மாத மாத்திரைகளோடு நடமாடவிட்டே சிகிச்சை அளித்தார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட முடிவில், நடமாடியவர்கள் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சற்றும் குறைந்துவிடவில்லை. எலும்பையே அரிக்கும் நோய்க்கே படுக்கை தேவைப்படவில்லை என்று நம் சென்னையில் நிரூபித்திருக்கும்போது, சாதாரண இடுப்பு வலிக்குப் பலகையில் படுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே!

வேலைச் சூழலைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் குடம் தூக்குவதும் குனிந்து பெருக்குவதும் முதுகுக்குக் கேடல்ல. நாளெல்லாம், மாற்றமோ இடைவேளையோ இன்றி, உடல் தாங்கும் அளவுக்கு மேல் சுமப்பது வேறு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எல்லாம் சரியாக அமைந்த நிலையிலும் கையால் தூக்கும் எடைக்கு வைத்திருக்கும் எல்லை 23 கிலோ. நம் தொழிலாளி தலையில் ஏற்றும் சிமென்ட் மூட்டை 50 கிலோ. துணிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அந்த இருக்கை கடையின் எந்த மூலையில் இருக்கிறது, அதில் உட்கார அனுமதி உண்டா என்பதைத் தொழிலாளர் துறை போய்ப் பார்க்க வேண்டும்.

அரசிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் பக்கவாதம் கண்டவர்களுக்கும் படுத்த படுக்கையானவர்களுக்கும் போய்ச் சேரும் அந்தச் சேவையை, இடுப்பு வலி தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும்படி விரிவாக்க வேண்டும். இரண்டாவது, அரசு ஸ்கேன் மையங்கள் தரும் முதுகுப் பட அறிக்கையின் அடியில், "இந்த மாற்றங்கள் இவ்வயதில் வலி இல்லாதவர்களிடமும் இத்தனை விழுக்காடு காணப்படுகின்றன" என்று தமிழில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். முதுகுக்கான மொத்தச் சிகிச்சைப் பயன்பாடு குறையவில்லை. அபின் வகை வலிமருந்து எழுதுவது மட்டும் சிறிதளவு குறைந்தது. அந்த அளவு பயன் போதாது என்று சிலர் சொல்லலாம். ஆனால் நம் நோயாளிகள் அறிக்கையைத் தாங்களே தமிழில் படிக்கும் நிலை வந்ததே இல்லை. படித்தால் அச்சம் குறையும் என்பதே என் நம்பிக்கை.

கேள்வி கேட்ட அந்த அம்மையாருக்கு, அவர் கண்ணில் படும் இடத்தில், கீழ்க்கண்டதை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா, காய்ச்சலும் மெலிவும் காலில் மரப்பும் சிறுநீர்த் தொல்லையும் இல்லையென்றால் நீங்கள் வீடு பெருக்கலாம். முதலில் ஓர் அறை, இரண்டு நாள் கழித்து இரண்டு அறை. குடத்தைப் பாதி நிரப்பி, உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள். வாரத்துக்குச் சிறிது சிறிதாக நிரப்புங்கள். நாளைக் காலை தெருமுனை வரை பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.